படித்து முடித்த பிள்ளைக்கு ஒரு வாடகை அறை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "கல்வியின் சிறப்பு" என்பதாகும். கல்வி சிறந்தது என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் ஐயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐயம் இருந்தால் இந்த வெயிலில் இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு வேறு ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பிள்ளை படித்து முடித்தாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று. அந்த வேலைக்குப் பக்கத்தில் அவன் இரவில் எங்கே படுப்பான்?

சிரிக்கிறீர்கள். "இதெல்லாம் ஒரு தலைப்பா சார்?" என்று பின்னால் யாரோ கேட்பதும் என் காதில் விழுகிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

நம் பள்ளியில் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம், அவனுடைய தாயார் இங்கேதான் இருக்கிறார். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்து டிப்ளோமா வாங்கினான். ஷா ஆலம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. காலை 7 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். நம்மூரிலிருந்து மோட்டாரில் போய் வந்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இருட்டில், செம்பனை லாரிகளுக்கும் மணல் லாரிகளுக்கும் நடுவே. கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். அதையும் தாண்டிப் போக வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு மழை நாளில் ஜெராம் பக்கத்தில் வழுக்கி விழுந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் எலும்பு முறிந்தது. அவன் இன்னும் வேலை நிரந்தரமாகாதவன். கால் கூடியபோது வேலை இல்லை.

மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். "ஏன்டா தம்பி, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இன்று என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது. "எப்படித் தேடுறதுன்னு தெரியல சார். வீட்லயும் யாருக்கும் தெரியல."

இது அவன் குற்றமா? அவன் அப்பாவின் குற்றமா? நான் யோசித்துப் பார்த்தேன். நாம் வீடு தேடியே பழகாத சமுதாயம். தோட்டத்தில் பேர் பதிந்தால் வேலை. வேலை என்றால் லயத்தில் ஒரு வீடு. கதவு எண் கிராணிக்குத் தெரியும். கூரை ஒழுகினால் மண்டோரிடம் சொல்வோம். வாடகை என்ற சொல்லே நம் வீட்டில் பேசப்பட்டதில்லை. 1990-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446-ஆவது சட்டம் என்பார்களே, அது தோட்ட வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும் என்று முதலாளிக்கே கட்டளையிடுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலைக்குச் சொந்தமே தவிர நமக்குச் சொந்தம் இல்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விற்கப்பட்டாலும் அதே கதைதான்.

இதைப் பெரியவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தன. அதைப் பார்த்துத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில்தான் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு 1990-களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனதும் நமக்குத் தெரியும். ஆக, தோட்டத்துப் பிள்ளைக்கு அடுக்குமாடி வீடு இன்றைக்கோ நாளைக்கோ வரத்தான் போகிறது. யாரோ துரத்தி அனுப்பிப் போவதா, வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே நடந்து போவதா என்பதுதான் வித்தியாசம்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். 2014-ஆம் ஆண்டில் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்த எனக்கு முதல் பணி கிள்ளானுக்கு அப்பால் ஒரு பள்ளியில் கிடைத்தது. முதலில் அத்தை வீட்டில் தங்கினேன். நம்மவர்கள் எல்லாரும் செய்வது இதுதானே. அந்தக் காலத்தில் செந்தூல் இரயில்வே குடியிருப்பில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் போதும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலை தேடிப் போன நான்கு பேர் அந்த வீட்டு அஞ்சடியில் பாய் விரித்துப் படுப்பார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். அத்தையும் முகம் சுளிக்காமல்தான் சோறு போட்டார். ஆனால் கூடத்தில் சோபாவில் படுத்திருப்பேன். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் நான் எழுந்திருக்கும்வரை அறையை விட்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். எத்தனை நாளைக்கு அப்படி இருப்பது? இரண்டாவது மாதம் நானே வெளியே வீடு தேடக் கிளம்பினேன்.

சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டியிருந்த எண்களுக்கெல்லாம் அடித்தேன். முதல் கேள்வி, எந்த இனம்? இந்தியர் என்றதும் மன்னிக்கவும் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். சிலர் மன்னிக்கவும் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஏழு எண்களுக்கு அடித்து ஏழிலும் இதே பதில். நான் ஆசிரியர், அரசாங்கச் சம்பளம் என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிடும். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நமது அரசியல் சட்டத்தின் 8-ஆவது விதி சமத்துவம் பேசுகிறது. ஆனால் தனி மனிதர் தம் வீட்டை யாருக்கு விடுகிறார் என்பதில் அது கை வைப்பதில்லை. இது இன்றும் நம் பிள்ளைகளுக்கு நேர்கிறது. முகநூலில் வரும் வீட்டு விளம்பரங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். இதை நான் மூடி மறைத்து அனுப்பினால், பட்டணத்தில் முதல் அடி விழும்போது பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வான். குறை அவனிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டாவதாக நான் போன வீட்டுக்காரர் ஒரு தமிழர். திருநீறு பூசிய முகம். "தம்பி, நம்ம பசங்களுக்கு மட்டும் விடறதில்லன்னு வெச்சிருக்கேன். போன தடவ இருந்தவங்க கதவ ஒடச்சிட்டு, கரண்டு பில்லும் கட்டாம ஓடிட்டாங்க" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஓடிப்போன அந்த நால்வரும் எனக்குப் பின்னால் வரும் நாற்பது பேரின் கதவை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசியில் எப்படிக் கிடைத்தது தெரியுமா? விளம்பரத்தில் கிடைக்கவில்லை. பள்ளி முன்னால் ஒட்டுக்கடை வைத்திருந்த அம்மாவிடம் பசியாறும்போது புலம்பினேன். "எங்க பிளாக்ல நாலாவது மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு வாத்தியாரே, அந்தச் சீனக் கிழவர் நல்லவரு, நான் சொல்றேன்" என்றார். அன்று சாயங்காலமே சாவி கைக்கு வந்தது. மின்தூக்கி இல்லாத நாலாவது மாடி, ஒரு கட்டில், ஒரு சன்னல். அந்தச் சன்னலைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை, நியமனக் கடிதம் வந்த அன்றுகூட நான் உணரவில்லை. பத்து எண்களுக்கு அடிப்பதைவிட நம்மைத் தெரிந்த ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை பெரிது என்பதை அன்று கண்டுகொண்டேன். இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பணக்கணக்குக்கு வருவோம். தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் வீட்டில் கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் வாடகை மாதம் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகையைப் பாதுகாப்பு முன்பணமாகக் கேட்பார்கள், அது 1,800. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து அரை மாத வாடகை, அது 450. முதல் மாத வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், அது 900. ஆக மொத்தம் 3,150 வெள்ளி. இது கட்டில் மெத்தை வாங்கும் முன்பு, ஒரு மாதம்கூட வேலை செய்யும் முன்பு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போய், சொக்சோவும் போனால், கையில் வருவது ஏறத்தாழ 1,500. முன்பணம் மாத ஆரம்பத்தில். சம்பளம் மாதக் கடைசியில். இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளை வட்டிக்காரனிடம் போகிறான், அல்லது மோட்டாரில் ஏறுகிறான்.

மூன்று பேராகச் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 1,050 வெள்ளி. முழு வீடாக இல்லாமல் ஓர் அறை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். தமிழ்நாட்டுச் சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்தது. அங்கே 2019-இல் நடப்புக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம் போதும் என்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல்தான் வேலைக்கு வரும் இளைஞர்கள் திருவல்லிக்கேணியில் "மேன்சன்" என்று பெயர் வைத்த கட்டடங்களில் அறைக்கு இருவர் மூவராக அடைந்து கிடந்தார்கள். பெயர்தான் மாளிகை! அவர்களைப் பார்க்க நம் பாடு பரவாயில்லை.

நான் கேட்பது இதுதான். படிவம் 4 தொடங்கும்போது பிள்ளையின் பெயரில் மாதம் 50 வெள்ளி ஒதுக்கி வையுங்கள். ஐந்து ஆண்டில் 3,000 வெள்ளி. டியூஷனுக்குக் கொடுக்கிறோம், சீருடைக்குக் கொடுக்கிறோம், பட்டமளிப்பு அங்கிக்கும் படத்துக்கும்கூடக் கொடுக்கிறோம். முதல் அறையின் முன்பணமும் படிப்புச் செலவில் ஒன்றுதான். அதைக் கட்டாவிட்டால் மற்றவையெல்லாம் கட்டியும் பயனில்லை. பி.டி.பி.டி.என். கடன் வேறு அடுத்து வந்து நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. 50 முடியாதவர்கள் 20 வையுங்கள். பத்து வெள்ளியில் தோட்டமே வாங்கியவர்கள் நாம்.

அடுத்தது ஒப்பந்தம். இதில் நான் சூடுபட்டவன். அந்த நாலாவது மாடிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக்கொள்ளவில்லை. கிழவர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் காலமான பிறகு வீடு வேறொருவர் கைக்குப் போயிற்று. நான் காலி செய்தபோது, சுவர் அழுக்கு என்று சொல்லி என் முன்பணம் 600 வெள்ளியையும் தர மறுத்துவிட்டார் புதியவர். "பேப்பர் இருந்தா காட்டுங்க" என்றார். என்னிடம் எங்கே பேப்பர்? வாய் வார்த்தையில் வளர்ந்தவர்கள் நாம். பட்டணத்தில் அது செல்லாது.

ஆகையால் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். அதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பது 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். நான் சொன்ன 900 வெள்ளி வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஐம்பது வெள்ளியை ஒட்டி முடிகிற காரியம். குடிபோகும் அன்றே சுவர், தரை, குழாய், கதவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்துவிட வேண்டும். பிறகு சுவர் அழுக்கு என்று பேச முடியாது. வீட்டைப் பார்க்காமல், சாவியைத் தொடாமல், "இடம் பிடிக்க" என்று யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது. முகவர் என்று சொல்பவரிடம் பதிவு அட்டையைக் கேட்க வேண்டும். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டைச் சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள். எல்லாரும் வீடு திரும்பிக் குழாயைத் திறக்கும் அந்த நேரத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா, மோட்டாரைச் சங்கிலி போட்டுப் பூட்ட இடம் இருக்கிறதா, எதிர்வீட்டு அம்மாள் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் பகலில் தெரியாது.

முன்பணத்தைத் திருப்பித் தரவில்லையென்றால் அழுதுகொண்டு வர வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வழக்கறிஞர் இல்லாமலே. இது எனக்குத் தெரிந்திருந்தால் என் 600 வெள்ளி என்னிடம் இருந்திருக்கும். அதே போல, ஒப்பந்தக் காலம் முடிந்து குடியிருப்பவரைக்கூட நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் வெளியேற்றக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் சொல்வதால் வாடகை கட்டாமல் உட்கார்ந்திருங்கள் என்று அர்த்தம் இல்லை! கதவை உடைத்துவிட்டு ஓடிய அந்த நால்வரின் வரிசையில் நம் பள்ளிப் பிள்ளை சேரக் கூடாது.

பெரியோர்களே, இதுவரை "அவன், அவன்" என்றே பேசிவந்தேன். வேண்டுமென்றுதான். ஏனென்றால் பெண்பிள்ளை என்றதும் உங்கள் முகம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

நம் பள்ளியில் ஆண்டுதோறும் முதல் பரிசு வாங்குவது யார்? இன்று மேடைக்கு வரப்போகிற பட்டியலைப் பார்த்தேன், பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடப் படிப்பு முடித்து ஷா ஆலமில் வேலை வாங்கினாள். தகப்பனார் வெளியே தங்க விடவில்லை. பேருந்து மாறி மாறிப் போய் இரவு எட்டரைக்கு வீடு வருவாள். நாலு மாதம் தாங்கினாள். இப்போது பக்கத்து டவுனில் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். கடை வேலை இழிவானது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். அந்தத் தகப்பனாரிடம் பேசினேன். "நாலு பேர் என்ன சொல்வாங்க வாத்தியாரே?" என்றார். அந்த நாலு பேர் அவளுக்குச் சம்பளம் கொடுப்பார்களா?

இன்னொரு தாயார் வேறு மாதிரி செய்தார். அவரும் தோட்டத்து வேலைக்காரர்தான், அதிகம் படிக்காதவர். மகளுக்கு வேலை கிடைத்ததும் மூன்று பெண்கள் சேர்ந்திருந்த ஒரு வீட்டைத் தானே போய்ப் பார்த்தார். முதல் வாரம் மகளோடு அங்கேயே தங்கினார். மூன்று பெண்களுக்கும் சமைத்துப் போட்டார், அவர்களின் தாய்மார்களோடு தொலைபேசியில் பேசினார், கீழே மளிகைக் கடைக்காரரிடமும் காவலாளியிடமும் "இது எம்பொண்ணு, பார்த்துக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கு அந்தப் பெண் தன் தம்பியைப் படிக்க வைக்கிறாள். பயம் அந்தத் தாய்க்கும் இருந்தது. பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான்.

நம்மூர் ஆற்றங்கரைக்கு மின்மினிப் பூச்சி பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெரெம்பாங் மரத்தடியில் படகில் சுற்றிவிட்டு, இங்கேயே காசு கொடுத்து அறை எடுத்து ஓர் இரவு தங்கியும் போகிறார்கள். பட்டணத்துக்காரர் தங்க நம்மூரில் இடம் இருக்கிறது. நம் பிள்ளை தங்கப் பட்டணத்தில் இடம் வேண்டும்.

அதற்காகத்தான் ஒட்டுக்கடை அம்மா கதையைப் பிறகு வருகிறேன் என்றேன். நம் பள்ளியில் படித்தவர்கள் கிள்ளானில், ஷா ஆலமில், சுங்கை பூலோவில், ரவாங்கில், கோலாலம்பூரில் குடியிருக்கிறார்கள். பலர் இன்று விழாவுக்கும் வந்திருக்கிறீர்கள். தலைமையாசிரியரின் சம்மதத்தோடு ஒரு தடித்த பேரேடு வாங்கியிருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தாமான், உங்கள் பக்கத்தில் அறை காலியானால் பள்ளிக்குச் சொல்வீர்களா, புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் படுக்க இடம் தருவீர்களா, ஒரு வீட்டுக்காரரிடம் "இவன் எங்கள் பள்ளிப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்வீர்களா, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். பெண்பிள்ளைகளை வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பங்களுக்குத் தனிப் பக்கம் விட்டிருக்கிறேன். எழுதியதை யாருக்கும் காட்ட மாட்டோம். அலுவலக அலமாரியில் பூட்டி வைப்போம். வேலைக் கடிதத்தோடு வரும் பிள்ளைக்கு, உங்களைக் கேட்டுக்கொண்ட பிறகே தொலைபேசி எண் கொடுப்போம்.

முதல் பெயராக அந்தக் கால் முறிந்த பையன் எழுதியிருக்கிறான். கிள்ளானில் வேறு வேலை கிடைத்து, இரண்டு நண்பர்களோடு வீடு எடுத்திருக்கிறான். ஒப்பந்தத்துக்கு முத்திரையும் போட்டாயிற்று. "கூடத்தில் ஒரு மெத்தை இருக்கு சார்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

பேரேடு வாசலில், சந்தனக் கிண்ணம் வைத்திருக்கும் மேசையின் மேல் இருக்கிறது. பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.